அன்றைக்கு சிக்னல் போகவில்லை

கதிர்,

நீ அனுப்பிய சம்மதபத்திரம் தபாலில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீயே பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கிறாய். நம் ஏலத்தோட்டத்தின் ஓரத்தில், ஜீப் வந்து நிற்கிற வளைவுக்குப் பக்கத்தில், ஒரு கம்பம் நட எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு கம்பம் வந்தால் ஃபைபர் கேபிள் நம் வீட்டுக்கும் வரும், மேலே சரிவில் இருக்கிற ஏழு வீட்டுக்கும் போகும். மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். கண்ணாடியைக் காணவில்லை என்று இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை நீ சிரித்துவிட்டு, "அப்பா, இது என்ன சொத்துப் பத்திரமா, ஒரு கம்பம்தானே" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

உன் அவசரம் நியாயம்தான். எலப்புள்ளிக்கு நிச்சயத்துக்குப் போன அன்று, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது உன் மாமனார் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கூச்சத்தோடு கேட்டார். "ஏனுங்க, உங்க ஊட்ல நெட்டு நல்லா வருங்களா? புள்ளைக்கு ஊட்ல இருந்தே பண்ற வேலைங்க. நெட்டு நின்னு போச்சுன்னா அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் நீ வந்து, "வந்துரும் மாமா, எங்க கம்பெனியேதான் அந்தப் பக்கம் லைன் இழுக்குது. நான்தான் ரூட் போட்டேன்" என்றாய். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவள் நடமாடும்வரை நீங்கள் இருவரும் இங்கேயே இருப்பதாகப் பேசி வைத்திருக்கிறீர்கள். அம்மா உங்களுக்காக மேற்கு அறைக்குப் பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்திருக்கிறாள். இதில் எதையும் கெடுக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் உன் தாளைப் பற்றிப் பேசுமுன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். அப்பா எப்போதும் பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறார் என்று உனக்கு ஒரு குறை உண்டு அல்லவா, இதையும் அப்படிப் பாதியில் வைத்துவிடுவேன் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

பாதைத் தகராறிலிருந்து தொடங்குகிறேன். அது நடந்தபோது நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். மேல்வீட்டுக்காரர்கள் வளைவுவரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நம் தோட்டத்து ஓரமாக ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். ஆறடி அகலம் விட்டால் ஜீப் மேலேவரை போகும் என்று கேட்டார்கள். அப்படி விட்டால் நல்லாக் காய்க்கிற இருபது தூர் ஏலச்செடி போகும். நான் முடியாது என்றேன். அவர்கள் வில்லேஜ் ஆபீசுக்குப் போனார்கள். அளந்து பார்த்தார்கள், நிலம் என்னுடையது, தீர்ப்பும் எனக்கே வந்தது. அன்று ஆனைக்கரைக் கடைத்தெருவில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மா அதைத் தொடவில்லை. "சீக்காளிகளை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறங்குறாக. உங்களுக்கு இனிப்பு இறங்குதா?" என்று கேட்டாள். எனக்கு இறங்கியது. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன். நியாயம் உன் பக்கம் இருக்கும்போதுதான் நீ ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தப்பு நம் பக்கம் இருந்தால் மனசு கொஞ்சமாவது உறுத்தும். நியாயம் நம் பக்கம் என்றால் அந்த உறுத்தலும் இல்லாமல் போய்விடுகிறது.

பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்த காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நம் சரிவில் டவர் சிக்னல் கிடைக்கிற இடம் அந்த வளைவு ஒன்றுதான். முருக்கு மரத்தடியில் உரச்சாக்கை விரித்து மேல்வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நீயும் அங்கே உட்கார்ந்துதான் கடைசி வருஷப் பரீட்சை எழுதினாய். தவமணியின் மகள் மீனா அப்போது மூன்றாம் வகுப்பு. நீ தவமணி அத்தை என்று கூப்பிடுவாயே, அவள் வீட்டில் இருந்தது ஒரே போன். பகலில் அது மீனாவின் பள்ளிக்கூடம். சாயங்காலம் தவமணி அதை எடுத்துக்கொண்டு வளைவுக்கு வந்து, மஸ்கட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் மாரியப்பனோடு வீடியோவில் பேசுவாள். காய் பறிக்கப் போய்விட்டு வந்த உடுப்போடேயே நிற்பாள். மழை பெய்தால் போனைத் திருப்பி மழையைக் காட்டுவாள். அவர்கள் பேசுவது ஏலக்காய் உலர்த்துகிற நம் ஸ்டோர்வரை கேட்கும். என்ன குழம்பு வைத்தாள், மீனா யாரோடு சண்டை போட்டாள், ஓட்டில் எந்த இடத்தில் ஒழுகுகிறது, இவ்வளவுதான் பேச்சு. அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகுதான் நம் பக்கத்தில் கேபிள் டிவி நடத்துகிற சாஜி முதல் தடவையாக இன்டர்நெட் லைன் இழுக்க வந்தான். மேல்வீட்டுக்காரர்கள் ஏழு பேரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். கீழே ரோட்டுவரை மின்சாரக் கம்பத்திலேயே கேபிளைக் கொண்டுவந்துவிட்டான். அங்கிருந்து மேலே இழுக்க நம் ஓரத்தில் ஒரு கம்பம் வேண்டும். நான் சந்தைக்குப் போயிருந்தபோது ஆட்களை வைத்து இடுப்பளவு குழியும் தோண்டிவிட்டான். நான் திரும்பி வந்து பார்த்துவிட்டு வேலையை நிறுத்தச் சொன்னேன். "சேட்டா, ஒரு போஸ்ட் மதி, வேற ஒண்ணும் வேண்டா" என்று, ஒரு கம்பம் போதுமென அவன் பாதி மலையாளத்தில் கெஞ்சினான். என் மண்ணில் கேட்காமல் மண்வெட்டி வைத்ததற்குப் போலீசுக்குப் போவேன் என்றேன். அவன் கேபிள் சுருளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கேபிள் மேல் கோபம் இல்லை, கதிர். இன்று கம்பத்தை விட்டால் நாளைக்கு அதைக் காட்டியே பாதை கேட்பார்கள் என்ற கணக்குத்தான் மனசில் ஓடியது. நமக்குப் பின்னால் இருக்கிற ஏழு வீட்டையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறோம் என்பதை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

மறுநாள் தவமணி வந்தாள். ஸ்டோர் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"அண்ணே, கம்பந்தானே. ரோடு கேக்க மாட்டோம்னு வேணும்னா எழுதிக் குடுத்துர்றோம்."

"இன்னைக்குக் கம்பம்பீக. நாளைக்குக் கம்பத்துக்கு ஜீப் வரணும்பீக."

"மீனா படிக்கணும்ணே. அவுகளோடயும் பேசணும்ல. மழையில நின்னு நின்னு எனக்குச் சளியே விட மாட்டேங்குது."

"வளைவுலதான் சிக்னல் வருதே. நிக்க வேண்டாம்னு நான் சொன்னேனா?"

"இல்லண்ணே, நீங்க ஒண்ணும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஆடி மழை. உன் அம்மா முழங்காலைக் காட்ட குமுளிக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து காற்று. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், நான் ஸ்டோரில் காயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே தவமணி பேசுகிறது கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று மேலே எதுவோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம், உடனே தரை அதிர்ந்தது. பேச்சு நின்றுவிட்டது. ஓடினேன். முருக்கு மரத்தின் பெரிய கிளை முறிந்து அவள் இடுப்புக்குக் குறுக்கே கிடந்தது. குடை மடங்கிப்போய் ஓடையில் கிடந்தது. போன் கைக்கு எட்டாத தூரத்தில் புல்லில் மல்லாக்க விழுந்து, வெளிச்சத்தோடு இருந்தது. அதற்குள்ளிருந்து மாரியப்பன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "தவமணி. தவமணி. என்ன சத்தம் அது? ஒண்ணும் தெரியல எனக்கு. போனத் தூக்கு. தவமணி."

நான் போனை எடுத்தேன். அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. நீலச் சட்டை, பின்னால் அடுக்குக் கட்டில், கட்டில் கம்பியில் காய்கிற துண்டு. படம் துளிகூட நிற்கவில்லை, நடுங்கவில்லை. அவன் பக்கம் என்ன தெரிந்ததோ, போன் கேமராவில் மழைத் தண்ணீர், என் முகம் அவனுக்குத் தெளியவில்லை. "யாரு? யாரு அது?" என்றான். நான் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். மறுபடி அடிப்பானே என்று ஓரத்துப் பட்டனை அழுத்திப் பிடித்து, போனை அணைத்தும் விட்டேன். பொண்டாட்டி இப்படிக் கிடப்பதை அவன் அங்கே இருந்துகொண்டு பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மரம் என்னுடையது. கம்பம் வேண்டாம் என்றது நான். நிக்க வேண்டாம்னு சொன்னேனா என்று கேட்டதும் நான். அந்த முகத்துக்கு முன்னால் என் முகம் போய் நிற்க நான் தயாராக இல்லை. அவ்வளவுதான்.

மேலே பார்த்து ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. கிளையை அசைக்க முடியவில்லை. அவள் தலைப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, என் தலையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து அவள் முகத்தில் மழை விழாமல் பிடித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். நல்ல நினைவோடுதான் இருந்தாள், கதிர். என்னை அடையாளம் தெரிந்தது.

"அண்ணே, அவுக லைன்ல இருக்காகளா?"

போன் என் சட்டைப் பையில் இருந்தது.

"இல்லம்மா. சிக்னல் போயிருச்சு."

அவள் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தினமும் அவளுக்கு நடப்பதுதானே. "இந்த வளைவே இப்படித்தாண்ணே," என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னிருக்கணும்."

அதற்குப் பிறகு கால் மணி நேரம் இருந்திருப்பாள். இரண்டு தடவை மீனா பேரைச் சொன்னாள். ஒரு தடவை உதடு அசைந்தது, என்னவென்று கேட்கவில்லை. மேலே இருந்து ஆட்கள் இறங்கி வந்து கிளையை நகர்த்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கால் மணி நேரமும் மாரியப்பன் அங்கே ஒரு அறையில் உட்கார்ந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு பட்டனை அழுத்தி அவள் காதோரம் வைத்திருந்தால் போதும். அவன் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். அவன் குரல் அங்கே இருந்திருக்கும்.

சாஜியும் பஞ்சாயத்து மெம்பரும் போலீஸ்காரரும் வந்தார்கள். பேசிக்கொண்டிருந்த லைன் எப்படி அறுந்தது என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். சிக்னல் போயிருச்சு என்றேன். யாரும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. நம் ஊரில் அதைவிட நம்பும்படியான பொய் வேறு கிடையாது. மாரியப்பன் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்து அவன் என்னிடம் தனியாக வந்தான். "அண்ணே, என் ரூம்ல வைஃபை நல்லாத்தான் இருந்துச்சு. ஏதோ நிழலாடுன மாதிரி இருந்துச்சு, எப்படிக் கட்டாச்சுன்னே தெரியல. மழை வருது, வீட்டுக்குப் போறேன்னு அவ சொன்னா. அஞ்சு நிமிசம் இருன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். என் சத்தம் அவளுக்குக் கடைசியாக் கேட்டிருக்குமா?" என்று கேட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டிருக்கும் தம்பி" என்றேன். அந்தப் பிடியை அவன் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பெரிய தண்டனையாகப் போயிற்று. சாவுக்கு வந்தவன் இரண்டு வாரம் தங்கி, நம் மலைக்கு லைன் கேட்டு மனு எழுதினாய். சாகிற நேரத்தில் ஒரு பெண் புருஷனோடு பேச முடியாமல் சிக்னல் அறுந்தது, இந்த மலையில் இருக்கிறவர்களும் மனிதர்கள்தானே என்று எழுதியிருந்தாய். சரியாக இருக்கிறதா பாருங்கப்பா என்று என்னிடம் படித்துக் காட்டினாய். நான் ஒரு எழுத்துப்பிழை மட்டும் சொன்னேன். முதல் கையெழுத்தை என்னிடம்தான் வாங்கினாய், நேரில் பார்த்த சாட்சி என்று. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். மலையாளப் பத்திரிகையில் அவள் போட்டோவோடு வந்தது. பெரிய ஆபீஸ்களில் இருந்தெல்லாம் ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் உன் இன்டர்வியூவிலும் இதைத்தான் சொன்னதாகவும், கேட்டவர்களில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் போனில் சொன்னாய். வேலை கிடைத்ததென்று நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வைத்துவிட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா? லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய்.

நீ அந்த மனுவில் எழுதிய மற்றதெல்லாம் உண்மை. பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்தது உண்மை, ரேஷன் கடை மெஷினில் விரல் வைக்கக் கிழவர்கள் மூன்று தடவை இறங்கி ஏறியது உண்மை. லைன் வர வேண்டியது உண்மை. ஆனால் எதைத் தலைப்பாக வைத்து நீ எழுதினாயோ அது மட்டும் உன் அப்பன் சொன்ன பொய். இப்போது நீ ஊர் ஊராகப் படத்தில் கோடு போட்டு லைன் கொண்டுபோகிற வேலையில் இருக்கிறாய். ஒரு தோட்டக்காரன் கம்பம் நட விட மாட்டேன் என்றால் உன் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், இல்லையென்றால் அந்த ஊரையே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுவிடாமல் நீ ஒரு தடவை நேரில் போய் அவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் நிலத்துக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பேர் சொல்லிக் கேள். என்னிடம் யாராவது அப்படி ஏழு வீட்டுப் பேரையும் சொல்லிக் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா என்று தெரியாது. கேட்டிருக்கலாம்.

இந்த ஐந்து வருஷத்தில் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் என் சட்டைப் பையில் ஒரு போன் கனக்கும். போன் வைத்திருக்காத நாளிலும் கனக்கும். நீ வீடியோவில் பேசும்போது சில சமயம் உன் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும், நீ கேக்குதாப்பா, கேக்குதாப்பா என்பாய். அதற்குமேல் என்னால் போனைப் பிடித்திருக்க முடியாது. மீனா அந்த வழியே வருவதை விட்டுவிட்டாள். கீழ்த்தோட்டத்தைச் சுற்றி அரை மணி நேரம் கூடுதலாக நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். மாரியப்பன் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு, பழைய ஜீப் ஒன்று வாங்கி போடிமெட்டுக்கும் ஆனைக்கரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ராத்திரி ஜீப்பை எங்கே நிறுத்துவான்? அந்த வளைவில்தான். மேலே போகப் பாதை இல்லையே. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். பிறகு ஏறிப் போவான். நான் ஸ்டோர் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஸ்டோரில் இருந்த தராசைத் தள்ளி உடைத்துவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நீயாகவே வந்து, "அப்பா, நான்தான் உடைச்சேன்" என்றாய். உன்னை அடித்தேன். அடுத்த மாதம் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது கேட்டேன், குரங்கு என்றாய். எனக்குத் தெரியும் அது நீதான் என்று. பேசாமல் விட்டுவிட்டேன். உண்மை சொன்னதற்கு அடியும், பொய் சொன்னதற்கு நிம்மதியும் இந்த வீட்டில் உனக்குக் கொடுத்தவன் நான். உன் பெண்டாட்டியிடமும் பிறக்கப்போகிற பிள்ளையிடமும் அப்படி இருந்துவிடாதே. ஒருத்தர் தானாக வந்து ஒன்றைச் சொன்னால், அந்த நேரத்தில் உன் கை எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொள்.

உன் தாள் வந்த நாலாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு நாள் எனக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? சொல்ல வேண்டிய ஆளு மேல இருக்காரு" என்றாள். அன்றைக்கே உன் சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறடிப் பாதையும் விட்டுக்கொடுப்பதாக இன்னொரு தாள் எழுதி, இரண்டையும் மெம்பரிடம் கொடுத்துவிட்டேன். இதைப் பரிகாரம் என்று நினைத்துவிடாதே, நானும் நினைக்கவில்லை. தாளைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். மாரியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து மீனாவின் பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். மீனா வீட்டில் இல்லை.

"வாங்கண்ணே. கம்பம் விஷயமா? கதிர் சொன்னான்."

"அது இல்ல மாரியப்பா. அன்னைக்கு சிக்னல் போகல."

"என்னைக்கு?"

"தவமணி இறந்தன்னைக்கு. போன நான் எடுத்தேன். நாந்தான் கட் பண்ணி அணைச்சேன்."

அவன் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்கு நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"என்னையக் கேட்டாளா?"

"கேட்டுச்சு. லைன்ல இருக்காகளான்னு கேட்டுச்சு. சிக்னல் போயிருச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

"நம்பிட்டாளா?"

"நம்பிருச்சு."

"சரி," என்றான். "நீங்க போங்க."

அடிப்பான் என்று நினைத்துத்தான் போனேன். அடிக்கவில்லை. நான் படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது மறுபடி தைத்துக்கொண்டிருந்தான், ஆனால் ஊசியில் நூல் இல்லை.

நான்கு நாள் அவன் ஜீப்பை எடுக்கவில்லை. நேற்று மத்தியானம் நம் வாசலுக்கு வந்தான். அம்மா உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பை அவளிடமே கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்துப் பேசினான்.

"அஞ்சு வருசமா நான் என்னையவே திட்டிட்டு இருந்தேன். மழையில நிக்க வச்சது நாந்தான்னு. இப்பவும் அது போகல. போகும்னு நினைச்சுச் சொன்னீகளோ என்னமோ." அடுத்து, "உங்க மகங்கிட்டச் சொல்லிட்டீகளா?" என்றான்.

இல்லை என்றேன்.

"அவன் அந்த மனுவத் தூக்கிட்டு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்குனான். எம் பொண்டாட்டிக்காக. அவனுக்குத் தெரியணும்."

"மீனாவுக்கு?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எப்பச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். அதுல நீங்க வராதீக. நீங்க உங்க பிள்ளைக்குச் சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகைய அவன் கையால கொண்டு வரட்டும். வாங்குறேனா இல்லையாங்கிறத அவங்கிட்டச் சொல்லிக்கிறேன்."

இவ்வளவுதான். அவன் கேட்டதற்காகத்தான் எழுதினேன், நானாக எழுதியிருப்பேனா என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை இப்போதே சொல்ல வேண்டாம், கல்யாணம் முடிந்த பிறகும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். உன் மாமனாருக்கோ அந்தப் பெண்ணுக்கோ சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல்லிவிடு, என்னைக் கேட்க வேண்டாம். பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. எல்லா வீட்டுக்கும் பேர் எழுதிவிட்டேன், மாரியப்பன் வீட்டுக்கு உரியதை மட்டும் எழுதாமல் அம்மா அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது அதை வாங்கி உன் கையாலேயே பேரை எழுதி எடுத்துக்கொண்டு மேலே போ. என்னைக் கூப்பிடாதே, நான் வர மாட்டேன். அவன் உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அங்கேயே இரு. அப்பா சொன்னாரா என்று கேட்பான். சொன்னார் என்று சொல். அதற்குப் பிறகு அவன் உன்னிடம் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், அவன் பேசி முடிக்கும்வரை எழுந்துவிடாதே.

அப்பா